வெள்ளிக்கிழமை உபவாசமும் தம்பியின் பங்கும்

கேள்வி: ஐயாவுக்கு ஸ்தோத்திரம். எனக்கு வயது 54. பதினாறு வயதில் இரட்சிக்கப்பட்டேன். எங்கள் சபையில் ஜெபக்குழுவை நடத்துகிறேன். நான்கு வருடங்களாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எழுப்புதலுக்காக, அதாவது சபையின் விசுவாசம் மறுபடி உயிர்பெறுவதற்காக, உபவாசித்து ஜெபிக்கிறோம். ஆரம்பத்தில் முப்பது பேர் வந்தார்கள், இப்போது ஒன்பது பேர். சபையில் ஒரு மாற்றமும் இல்லை. என் உள்ளமும் வறண்டு கிடக்கிறது. அண்மையில் வந்த ஒரு ஊழியர், "எழுப்புதல் உன்னில் தொடங்க வேண்டும்" என்று பிரசங்கித்தார். அன்றிலிருந்து ஒரு விஷயம் என்னை விடவில்லை. பதினொரு வருடங்களுக்கு முன் அப்பா இறந்தபோது, அவர் என் பெயரில் போட்டு வைத்திருந்த வைப்புத்தொகை ஒன்றைத் தம்பியிடம் சொல்லாமல் மறைத்துச் சொத்தைப் பாகம் பிரித்தேன். அதில் பாதி தம்பிக்கு என்று அப்பா என்னிடம் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். அந்தப் பணம் மகளின் படிப்புக்குச் செலவாகிவிட்டது. மனைவிக்கும் தெரியாது. தினமும் மன்னிப்புக் கேட்கிறேன். எரிகோவின் பொருளைத் திருடி ஒளித்து, இஸ்ரவேல் முழுவதற்கும் தோல்வி வரச் செய்தானே ஆகான், எங்கள் சபையின் ஆகான் நான்தானா? சபைக்கு முன்னால் அறிக்கையிட வேண்டுமா? அப்படிச் செய்தால் எழுப்புதல் வருமா?

பதில்: கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். ஜெபக்குழுவைப் பற்றி நிறைய எழுதிவிட்டு, தம்பியைப் பற்றிச் சில வரிகளே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கடிதம் முழுவதும் நிற்பது அந்தச் சில வரிகளின் மேல்தான். அதை உங்களுக்குச் சுட்டிக்காட்ட நான் தேவையில்லை. தெரிந்துதான் எழுதியிருக்கிறீர்கள்.

"தினமும் மன்னிப்புக் கேட்கிறேன்" என்கிறீர்கள். எப்படிக் கேட்கிறீர்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது, ஏனென்றால் நானும் அப்படித்தான் பல வருடங்கள் கேட்டேன். "ஆண்டவரே, அறிந்தும் அறியாமலும் செய்த எல்லாப் பாவங்களையும் மன்னியும்." நம் ஜெபங்களில் இதைவிடப் பழகிப்போன வாக்கியம் கிடையாது. தவறான வாக்கியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குள் நன்றாக அறிந்த ஒரு பாவத்தை அறியாத பாவங்களோடு சேர்த்துக் கட்டி, ஒரே மூட்டையாகத் தேவ சமுகத்தில் இறக்கி வைத்துவிட்டு எழுந்துவிடலாம். அவிழ்த்துப் பார்க்க வேண்டியதில்லை. மூட்டை மறுநாள் காலையில் வீட்டில் அதே இடத்தில் இருக்கும்.

யோவான் ஸ்நானகனிடம் வந்தவர்கள் "நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்று கேட்டதை லூக்கா 3-ஆம் அதிகாரத்தில் பாருங்கள். எல்லாருக்கும் ஒரே பதில் கிடைக்கவில்லை. இரண்டு அங்கி வைத்திருப்பவனுக்கு ஒரு பதில், ஆயக்காரனுக்கு வேறு பதில், போர்ச்சேவகனுக்கு இன்னொன்று. ஆயக்காரனிடம் அவன் வசூலைப் பற்றியும், சேவகனிடம் அவன் மிரட்டிப் பறிப்பதைப் பற்றியும் பேசினான். மனந்திரும்புதலுக்கு எப்போதும் ஒரு முகவரி உண்டு. உங்கள் விஷயத்தில் அந்த முகவரி உங்கள் தம்பியின் வீடு.

இந்தச் சொல்லையே கொஞ்சம் கவனியுங்கள். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் மெட்டநோயா. மனம் மாறுவது என்று பொருள். பழைய ஏற்பாட்டில் தீர்க்கதரிசிகள் அடிக்கடி எடுக்கும் எபிரெயச் சொல் ஷூவ். திரும்புவது, வந்த வழியே நடந்து திரும்பி வருவது. தமிழ் வேதாகமம் 'மனந்திரும்புதல்' என்ற ஒரே சொல்லில் இரண்டையும் வைத்துவிட்டது. மனமும் இருக்கிறது, திரும்புதலும் இருக்கிறது. நாம்தான் முதல் பாதியை வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டோம். மனம் வருந்துகிறது, கண்ணீர் வருகிறது, கால் மட்டும் நகர்வதில்லை. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் மனஸ்தாபப்பட்டான் என்று மத்தேயு எழுதுகிறார். வெள்ளிக்காசைக்கூடத் திருப்பிக் கொண்டுபோனான். ஆனால் ஆண்டவரிடம் திரும்பவில்லை. நீங்களோ ஆண்டவரிடம் நாள்தோறும் போகிறீர்கள், தம்பியிடம்தான் போகவில்லை.

இப்போது வறட்சியைப் பற்றி. சங்கீதம் 32-ல் தாவீது, "நான் அடக்கிவைத்தமட்டும்" தன் எலும்புகள் உலர்ந்துபோயின என்கிறான். பிறன் மனைவியான பத்சேபாளைத் தாவீது எடுத்துக்கொண்டு, அவளுக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் நாத்தான் தீர்க்கதரிசி அவனைக் கண்டிக்க வந்தான் என்றால், அந்த அடக்கிவைத்தல் மாதக்கணக்கில் நடந்திருக்கிறது. அந்த மாதங்களில் தாவீது ஆராதனையை நிறுத்திவிட்டான் என்று எங்கும் எழுதியில்லை. பாடல் இருந்திருக்கும், பலியும் இருந்திருக்கும், உள்ளே எலும்பு மட்டும் உலர்ந்துகொண்டே இருந்தது. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியை ஒரு பணக்காரன் பிடித்துக்கொண்டதாக நாத்தான் சொன்ன கதையைக் கேட்டு, அந்தப் பணக்காரன் நாலத்தனை திருப்பிச் செலுத்த வேண்டும் என்று கோபத்தோடு தீர்ப்பு வழங்குகிறான் ராஜா. ஊராருடைய பாவத்துக்கு உரிய அபராதத்தொகை நமக்கு எப்போதும் மனப்பாடம். "நீயே அந்த மனுஷன்" என்ற பிறகுதான் வாய் அடைத்தது. நான்கு வருடங்களாக நீங்கள் சபையின் குளிர்ந்துபோன நிலைமைக்காக உபவாசித்தீர்கள். அந்த உபவாசம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிறருடைய நிலைமைக்காகப் பாரப்படுவது, நம்முடையதைப் பார்க்காமல் இருக்க மிகவும் வசதியான இடம். ஊழியத்தில் இருக்கும் எங்களுக்கு இது இன்னும் வசதி.

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1949-ல் நடந்த ஒன்றை டங்கன் கேம்பல் என்ற ஊழியர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். பார்வாஸ் என்ற ஊரில் சில ஆண்கள் ஒரு கொட்டகையில் கூடி எழுப்புதலுக்காக வாரக்கணக்கில் இரவு ஜெபம் செய்துவந்தார்கள். ஒரு நாள் அவர்களில் இளைஞன் ஒருவன் எழுந்து சங்கீதம் 24-ஐ வாசித்தான்: "யார் கர்த்தருடைய பர்வதத்தில் ஏறுவான்? கைகளில் சுத்தமுள்ளவனும் இருதயத்தில் மாசில்லாதவனும்." வேதத்தை மூடிவிட்டு, நாமே தேவனோடு சரியாக இல்லாமல் இப்படி ஜெபிப்பதில் அர்த்தமில்லை என்றான். பிறகு கையை உயர்த்தி, என் கைகள் சுத்தமா, என் இருதயம் சுத்தமா என்று கேட்டான். கேம்பலின் கூற்றுப்படி அந்த இரவுதான் திருப்பம். அதுவரை அந்த ஆண்கள் ஜெபித்ததில் குறை இல்லை. ஜெபத்தின் விரல் தங்களை நோக்கித் திரும்பாமல் இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்து ஆகான். நீங்கள் இந்தப் பெயரை எழுதியபோது எனக்கு உடனே கொரியா நினைவுக்கு வந்தது. 1907 ஜனவரியில் பியோங்யாங்கில் வேத ஆராய்ச்சிக் கூட்டங்கள் நடந்தன. அதற்கு முன்பே, 1903-ல், வொன்சான் என்ற ஊரில் ஹார்டி என்ற கனடா நாட்டு மருத்துவ மிஷனரி, தன் ஊழியம் பலனற்றுப்போனதற்குத் தன் பெருமையே காரணம் என்று கொரிய விசுவாசிகள் முன் அறிக்கையிட்டிருந்தார். பியோங்யாங்கில் கில் சன்-ஜு என்ற மூப்பர் எழுந்தார். இறந்துபோன நண்பர் ஒருவர் தன் சொத்து விவகாரத்தை அவரிடம் ஒப்படைத்திருந்தார். அந்த விதவைக்குச் சேர வேண்டிய பணத்தில் ஒரு பகுதியைத் தான் எடுத்துக்கொண்டதாகவும், "நான் ஒரு ஆகான், என்னாலே தேவனுடைய ஆசீர்வாதம் தடைபடுகிறது" என்ற பொருளிலும் சபைக்கு முன் சொன்னார். பணத்தைத் திருப்பிக் கொடுப்பதாகவும் சொன்னார். அதன் பின் அங்கே எழுந்த பெரிய எழுப்புதல் திருச்சபை வரலாற்றில் இருக்கிறது. அதே வருடம் கொரியாவின் முதல் ஏழு பிரெஸ்பிட்டேரியன் போதகர்களில் ஒருவராக அவர் அபிஷேகம் பண்ணப்பட்டார்.

உங்கள் கதையும் ஏறக்குறைய அதே கதை. சபையில் பொறுப்பு, ஒப்படைக்கப்பட்ட பணம், மறைத்த பங்கு. ஆனாலும் கில் சன்-ஜுவை நீங்கள் நகலெடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். காரணம் சொல்கிறேன்.

முதலாவது, ஆகானின் கதையில் அவனும் அவன் வீட்டாரும் ஆகோர் பள்ளத்தாக்கில் கல்லெறியப்பட்டார்கள். உங்களுக்காக ஒருவர் ஏற்கெனவே பாளயத்துக்குப் புறம்பே பாடுபட்டாயிற்று. உங்கள் சபை குளிர்ந்து கிடப்பதற்கு நீங்கள் ஒருவரே காரணம் என்று நினைப்பது தாழ்மைபோலத் தோன்றும். அதற்குள் ஒரு விதமான பெரியமனுஷத்தனமும் உண்டு. சபையின் உஷ்ணமும் குளிரும் என் கையில் இருக்கிறது என்கிற எண்ணம் அது. நீங்கள் அவ்வளவு பெரியவர் இல்லை, சகோதரரே. நானும் இல்லை. உங்களுக்கு இருப்பது ஒரு தம்பியும் ஒரு கடனும். ஆண்டவர் உங்களிடம் இப்போது கேட்பது அதைத்தான்.

இரண்டாவது, பாவம் எந்த வட்டத்துக்குள் நடந்ததோ அந்த வட்டத்துக்குள்ளே அறிக்கை இருக்க வேண்டும் என்பது நான் பல வருட ஆலோசனையில் கற்றுக்கொண்ட ஒழுங்கு. சபையின் காணிக்கையில் கைவைத்தவன் சபைக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் தம்பியை வஞ்சித்தீர்கள், ஆகவே தம்பிக்குச் சொல்ல வேண்டும். பணம் உங்கள் வீட்டில் செலவானது, ஆகவே மனைவிக்குச் சொல்ல வேண்டும். தம்பிக்குத் தெரியாமல் சபையில் மைக்கைப் பிடித்து அழுதால் என்ன நடக்கும்? கேட்டவர்கள் "என்ன தாழ்மை" என்று உங்களைக் கட்டிப்பிடிப்பார்கள். தம்பியோ தான் ஏமாற்றப்பட்ட செய்தியை யாரோ ஒருவர் வாயிலாகக் கேள்விப்படுவார். அவரை இரண்டாம் முறை வஞ்சித்ததாக ஆகிவிடும். சொல்லக் கடினமாக இருந்தாலும் சொல்கிறேன், பத்துப் பேர் முன் அழுவது ஒருவர் முன் நிற்பதைவிட லேசு.

லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்களைத் திறந்து வாசியுங்கள். நாம் வேகமாகத் தாண்டிப்போகும் பகுதி அது. பிறன் தன்னிடம் ஒப்படைத்த பொருளைப் பற்றிப் பொய் சொன்னவனுடைய காரியம் அங்கே பேசப்படுகிறது. உங்கள் காரியம்தான், ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து. அவன் என்ன செய்ய வேண்டும்? முதலை முழுவதுமாகக் கொடுத்து, அதனோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, குற்றநிவாரண பலி இடும் அதே நாளில் உரியவனிடம் சேர்க்க வேண்டும். அதன் பிறகு ஆசாரியன் பாவநிவிர்த்தி செய்வான். ஒரே நாளில் பிறன் வாசலும் பலிபீடமும். பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முன்பு போய்ச் சகோதரனோடே ஒப்புரவாகு என்று மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் சொன்னதும் இந்த ஒழுங்கையே இன்னும் கூர்மையாக்கிச் சொன்னது.

லூக்கா 19-ல் வரும் ஆயக்காரர் தலைவன் சகேயு இன்னொரு படி மேலே போகிறான். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொல்கிறான். தானாக வந்து ஒத்துக்கொண்டவனுக்குச் சட்டம் விதித்தது ஐந்தில் ஒரு பங்கு. ஆட்டைத் திருடிக் கொன்றோ விற்றோ போட்டவனுக்கு யாத்திராகமம் 22 விதித்ததுதான் நாலத்தனை. சகேயு தானாகவே வந்தவன், ஆனாலும் திருடனுக்குரிய அபராதத்தைத் தனக்குப் போட்டுக்கொண்டான். யாரும் அவனைக் கேட்கவில்லை. "உன் வீட்டில் தங்கவேண்டும்" என்று ஆண்டவர் முந்திச் சொன்ன பிறகு நடந்தது இது. இந்த வரிசை முக்கியம். அவன் பணம் கொடுத்து ஆண்டவரை வீட்டுக்கு அழைக்கவில்லை. அவர் வந்துவிட்டதால் கை தானாகத் திறந்தது. தேவதயவே நம்மைக் குணப்படும்படி ஏவுகிறது என்று பவுல் ரோமருக்கு எழுதியதும் இதைத்தான்.

இதனால்தான் உங்கள் கடைசிக் கேள்வி எனக்கு உறுத்துகிறது. "அப்படிச் செய்தால் எழுப்புதல் வருமா?" இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் நல்ல எண்ணத்தோடுதான். ஆனால் அதன் அடியில் ஒரு பேரம் இருக்கிறது. நான் இதைக் கொடுத்தால் நீர் அதைத் தருவீரா? வரும் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. தம்பியின் பங்கு எழுப்புதல் வந்தாலும் தம்பியுடையது, வராவிட்டாலும் தம்பியுடையது.

ஆனால் ஒன்றைக் காட்ட முடியும். சங்கீதம் 51-ஐ இந்த வாரம் மெதுவாக வாசியுங்கள், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மட்டும் பாருங்கள். "எனக்கு இரங்கும்" என்று ஒரு தனி மனிதன் தொடங்குகிறான். சுத்த இருதயத்தைக் கேட்கிறான். இரட்சணியத்தின் சந்தோஷத்தைத் திரும்பத் தரும்படி கேட்கிறான். அடுத்த வசனத்தில்தான் பாதகருக்கு உபதேசிப்பதும் பாவிகள் மனந்திரும்புவதும் வருகிறது. கடைசியில் எருசலேமின் மதில்கள் வருகின்றன. நீங்கள் நான்கு வருடங்களாக மதில்களுக்காக ஜெபித்தீர்கள். சங்கீதத்தை 18-ஆம் வசனத்திலிருந்து பின்னோக்கி வாசித்ததுபோல.

அந்தச் சங்கீதத்தில் தாவீது கேட்பது 'சந்தோஷத்தைத் திரும்பவும்'. புதிதாக ஏதோ ஒன்றை அல்ல. உங்கள் பதினாறாவது வயதில் நீங்கள் அனுபவித்த ஒன்று உங்களுக்குத் தெரியும். தனிமனித எழுப்புதல் என்று நான் சொல்வது அதைத்தான். அது கூட்டத்தின் எண்ணிக்கையில் தெரியாது. வேதத்தைத் திறக்கும்போது ஏதாவது ஒரு வசனம் எதிரே வந்து நின்றுவிடுமோ என்ற பயம் போய்விடுவதில் தெரியும்.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊழியத்தின் ஆரம்ப வருடங்களில் ஒரு குழுக்கூட்டத்தில் மூத்த ஊழியர் ஒருவரைப் பற்றி, உறுதியாகத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோலச் சொன்னேன். அவருக்கு வர வேண்டிய பொறுப்பு வேறொருவருக்குப் போனது. மூன்று வருடங்கள் அதே வாயால் பிரசங்கித்தேன். பிறகு அவரைத் தேடிப் போனேன். "நான் அப்படிப் பேசினேன்" என்றதோடு நிறுத்தாமல், "மற்றவர்களும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தார்கள்" என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி, "தம்பி, நீங்கள் வந்த காரியத்தை மட்டும் சொல்லுங்கள்" என்றார். அவர் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. பழைய சிநேகம் இன்றுவரை முழுதாகத் திரும்பவில்லை. வீட்டுக்கு நடந்து வந்தபோது பெரிய பரவசம் ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்த ஞாயிறு பிரசங்க பீடத்தில் நின்றபோது, அவர் உட்கார்ந்திருந்த பக்கம் என்னால் திரும்பிப் பார்க்க முடிந்தது.

இன்னொரு எச்சரிக்கை. உங்களைப் போன்ற கூர்மையான மனசாட்சிக்காரர்கள் ஒரு காரியத்தைச் சரிசெய்ததும் அடுத்ததைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். பத்து வயதில் எடுத்த பென்சில்வரை தோண்டுவார்கள். வேல்ஸ் தேசத்தில் 1904-ல் எழுந்த எழுப்புதலில் முன்நின்ற ஈவான் ராபர்ட்ஸ், அறிந்த பாவங்களை எல்லாம் அறிக்கையிடுங்கள், சந்தேகமானதை எல்லாம் விலக்குங்கள் என்று போதித்தார். எத்தனையோ பழைய கடன்கள் அங்கே தீர்ந்தன. அதே ராபர்ட்ஸ் 1906-க்குள் உடலும் உள்ளமும் தளர்ந்து பொது ஊழியத்திலிருந்து ஒதுங்கினார். காரணம் பல இருக்கலாம், நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் நம்மை நாமே ஓயாமல் தோண்டிக்கொண்டிருப்பது மனந்திரும்புதல் ஆகாது. ஆவியானவர் உணர்த்தும்போது அதற்குப் பெயரும் இடமும் இருக்கும். எல்லாம் தப்பு, நீ ஒன்றுக்கும் உதவாதவன் என்று பெயரில்லாமல் அமுக்கும் குரலுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. உங்களுக்குப் பதினொரு வருடமாக ஒரே பெயர்தான் கேட்கிறது, இல்லையா?

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் மனைவியிடம் பேசுங்கள். திருப்பிக் கொடுக்கும் பாரத்தில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது, மறைத்ததில் இல்லை. ஆகவே அவர்களுக்கு வரப்போகும் கோபத்துக்கு இடம் கொடுங்கள். மகளிடம் இப்போது சொல்ல வேண்டியதில்லை. தன் படிப்பு திருட்டுப் பணத்தில் நடந்தது என்ற பாரத்தை அவள்மேல் ஏற்றாதீர்கள்.

பிறகு கணக்கை எழுதுங்கள். வைப்புத்தொகை எவ்வளவு, முதிர்ந்தபோது எவ்வளவு, அதில் பாதி எவ்வளவு, இத்தனை வருட வட்டி என்ன. குறைத்து எழுதத் தூண்டுதல் வரும், அதற்குச் சரியான காரணங்களும் உங்களுக்குத் தோன்றும். கூட்டியே எழுதுங்கள். மொத்தமாகக் கொடுக்க முடியாவிட்டால் எத்தனை மாதத்தில் கொடுப்பீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வரி, பத்திரம் சம்பந்தமான சந்தேகம் இருந்தால் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள், தம்பியிடம் சொன்ன பிறகு.

தம்பியிடம் நேரில் சொல்லுங்கள். போனில் வேண்டாம், மற்றவர்கள் மூலமாகவும் வேண்டாம். "உன் மனம் புண்பட்டிருந்தால்" என்று தொடங்காதீர்கள். அவருக்கு இன்னும் விஷயமே தெரியாது. "அப்பா உனக்குச் சொன்ன பங்கை நான் மறைத்தேன்" என்ற ஒரு வாக்கியம் போதும். மகளின் படிப்பை இழுக்காதீர்கள், அது உண்மையாக இருந்தாலும் அந்த நேரத்தில் அது சாக்குதான். "நீயும் விசுவாசிதானே, மன்னித்துவிடு" என்று வசனத்தால் அவரை நெருக்காதீர்கள். அவர் எழுந்து போய்விடலாம். உறவினர் எல்லாரிடமும் சொல்லிவிடலாம். சொல்லட்டும், அது அவருடைய உரிமை.

உங்கள் போதகரிடம் தனியாக ஒருமுறை சொல்லுங்கள். ஜெபக்குழுப் பொறுப்பைச் சில மாதங்கள் வேறொருவரிடம் கொடுப்பது நல்லது என்று அவர் சொன்னால் தடை சொல்லாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். இதை ஒரு சாட்சியாகச் சொல்லும் ஆசை பின்னால் வரும். தம்பி சம்மதிக்காமல் சொல்லாதீர்கள், சம்மதித்தாலும் ஒரு வருடம் போகட்டும்.

இந்த வெள்ளிக்கிழமை ஜெபத்தை மற்ற எட்டுப் பேரும் நடத்திக்கொள்வார்கள். நீங்கள் அன்றைக்குத் தம்பி வீட்டுக்குப் போங்கள். உபவாசம் வேண்டாம், சாப்பிட்டுவிட்டே போங்கள், தலைசுற்றலோடு பேசக்கூடிய பேச்சு இல்லை இது. கணக்கு எழுதிய தாளில் இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றை அவரிடம் விட்டுவிட்டு வர.